ஓய்வறை இல்லாத ஆசிரியைகள்

பாடசாலையில் ஒரு பாடவேளை சரியாக அமையாவிட்டால், மணி அடித்ததும் ஆசிரியை ஓய்வறைக்குப் போவார். தேநீரைக் கையில் எடுத்துக்கொண்டு, "தரம் 7 இன்றைக்கு என்னைப் படாதபாடு படுத்திவிட்டது" என்பார். பக்கத்தில் இருப்பவர் சிரிப்பார். அல்லது, "அந்த வகுப்புக்கு வாசிப்பைப் பிறகு வையுங்கள், முதலில் எழுத விடுங்கள்" என்று ஒரு வழி சொல்வார். இணையவழியில் கற்பிக்கும் ஆசிரியைக்கு அந்த அறை இல்லை. மடிக்கணினியை மூடிய மறு நிமிடம் அவர் சமையலறையில் நிற்கிறார். வகுப்பு ஏன் பிழைத்தது என்று பேசிப்பார்க்க அங்கே ஒருவரும் இல்லை. தூரத்தில் இருக்கும் மொழி ஆசிரியைகளின் குழுவை நடத்துபவருக்கு உள்ள முதல் வேலை, அந்த ஓய்வறையை வேறு ஏதாவது வடிவத்தில் அமைத்துக் கொடுப்பதுதான்.

நான் நானாட்டானில் இருந்துகொண்டு ஐந்து ஆசிரியைகளின் வேலையை ஒழுங்குபடுத்துகிறேன். எருக்கலம்பிட்டியில் ஒருவர், சிலாவத்துறையில் ஒருவர், முருங்கனில் ஒருவர், புத்தளத்தில் இருவர். லண்டனிலும் டொரொன்டோவிலும் வளரும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறோம். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட நாள்முதல் மன்னார் முஸ்லிம் குடும்பங்கள் பல, புத்தளத்தில் பாதியும் ஊரில் பாதியுமாக வாழப் பழகிவிட்டன. தூரத்தில் இருப்பவர்களோடு சேர்ந்து ஒரு காரியம் செய்வது நமக்குப் புதிதா என்று எங்கள் புத்தளத்து ராத்தா ஒருவர் கேட்பார்.

தொழிலும் அவ்வளவு புதிதல்ல. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோதுதான் நம்மில் பலர் சூம் என்ற பெயரையே கேள்விப்பட்டோம். ஆனால் வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளுக்காக இணையத்தில் தமிழ் கற்பிக்கும் முயற்சி, தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் 2001 பெப்ரவரியிலேயே சென்னையில் தொடங்கிவிட்டது. இன்றைக்கு அது தமிழ் இணையக் கல்விக்கழகம்.

எனக்கு அதிகம் கற்றுத் தந்தது உருகுவே என்ற தென் அமெரிக்க நாட்டின் அனுபவம். அங்கே ஆரம்பப் பாடசாலைகளில் ஆங்கில ஆசிரியர்கள் போதவில்லை. நமது கிராமப் பாடசாலைகளின் கதைதான். 2012இல் அவர்கள் ஒரு திட்டத்தை முன்னோட்டமாகத் தொடங்கினார்கள். வேறு நகரங்களிலும், ஆர்ஜென்டினா, பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளிலும் இருக்கும் ஆசிரியர் வாரம் ஒருமுறை வகுப்பறைத் திரையில் தோன்றி 45 நிமிடம் ஆங்கிலம் கற்பிப்பார். மற்ற இரண்டு பாடங்களை, ஆங்கிலம் அதிகம் தெரியாத வகுப்பாசிரியரே, தானும் கற்றுக்கொண்டு நடத்துவார். இருவரும் வாரந்தோறும் பாடத்துக்கு வெளியே தனியாகப் பேசி, எது பிடிபட்டது, எது பிடிபடவில்லை என்று பார்த்துக்கொள்வதையும் திட்டத்தின் ஒரு பகுதியாகவே வைத்தார்கள். அதை "நேரம் கிடைத்தால் பேசுங்கள்" என்று விட்டுவிடவில்லை. திரை, கமரா, இணைய வேகம் என்பவற்றைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால், அந்த உரையாடலுக்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

எங்கள் குழுவில் வியாழக்கிழமை இரவு 40 நிமிடம் அதற்கென்றே இருக்கிறது. இடாப்பு, புள்ளி, கணக்கு எதுவும் அன்றைக்கு இல்லை. அந்த வாரம் சரிவராத ஒன்றை ஒவ்வொருவரும் சொல்வார்கள். அந்த 40 நிமிடத்துக்கும் கொடுப்பனவு உண்டு. பாடம் தயாரிக்கும் நேரத்துக்கும் உண்டு. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. வீட்டில் இருந்து பெண்கள் செய்யும் வேலைதானே என்று தயாரிப்பு நேரத்தைக் கணக்கில் எடுக்காமல் விடுவது பரவலான பழக்கம்.

ஒரு வியாழக்கிழமை "தாத்தா" என்ற சொல் வந்து நின்றது. தமிழகத்துப் பாடநூலில் தாத்தா என்றால் பாட்டனார். யாழ்ப்பாணத்துப் பிள்ளையின் வீட்டில் அவர் அம்மப்பா அல்லது அப்பப்பா. எங்கள் வீடுகள் பலவற்றில் தாத்தா என்பது மூத்த சகோதரி. சிங்களத்திலோ அது தகப்பன்! லண்டன் வகுப்பில் ஒரே படத்தைப் பார்த்து மூன்று பிள்ளைகள் மூன்று விடை எழுதியிருந்தார்கள். அடுத்தடுத்த அறைகளில் கற்பிக்கும் ஆசிரியைகள் இதை நடைபாதையிலேயே பேசி முடித்திருப்பார்கள். தூரத்தில் இருந்தால் ஆளுக்கொரு விடையைச் சரி என்று சொல்லிக்கொண்டே தவணை முடிந்துவிடும். நாங்கள் எடுத்த முடிவு இது: பிள்ளையின் வீட்டுச் சொல்லைப் பிழை என்று வெட்டக்கூடாது. பாடநூற் சொல்லை அதன் பக்கத்தில் எழுத வைக்க வேண்டும். இப்படியான முடிவுகளை ஒரு பொதுக் கோப்பில் எழுதி வைக்கிறோம். புதிதாகச் சேரும் ஆசிரியைக்கு நான் கொடுக்கும் முதல் வாசிப்பு அதுதான்.

வகுப்பைப் பார்வையிடுவது மெல்லிய விஷயம். சொல்லாமல் உள்ளே நுழைந்து கமராவை மூடிக்கொண்டு கேட்பது இணையத்தில் மிகவும் இலகு. அதனாலேயே அதைச் செய்யக்கூடாது. நான் முன்கூட்டியே நாள் சொல்லி, 15 நிமிடம் இருந்து, ஒரு விடயத்தை மட்டும் பார்க்கிறேன். பெரும்பாலும் அது, கேள்வி கேட்ட பின் ஆசிரியை எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதுதான். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் விஞ்ஞான வகுப்புகளில் இதை அளந்து பார்த்தார். ஆசிரியர்கள் சுமார் ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடியாக்கியபோது பிள்ளைகளின் விடைகள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். இணைய வகுப்பில் குரல் போய்ச் சேரவே நேரம் எடுக்கிறது. பிள்ளை இரண்டாம் மொழியில் சொல் தேடுகிறது. மௌனம் நீண்டால் ஆசிரியை பயந்து விடையைத் தானே சொல்லிவிடுகிறார். "ஐந்துவரை மனதுக்குள் எண்ணுங்கள்" என்று அன்றிரவே தனியாக ஒரு குரற்பதிவு அனுப்புவேன். குழுவில் எல்லோர் முன்னும் அதைப் போடுவதில்லை.

பிள்ளையின் பெற்றோரிடமிருந்து வரும் முறைப்பாடும் முதலில் என்னிடம்தான் வரவேண்டும். இரவு 11 மணிக்கு வட்ஸ்அப்பில் வரும் ஒரு கோபமான செய்தி, தனியே இருக்கும் ஓர் இளம் ஆசிரியையை வேலையை விட்டே அனுப்பிவிடும்.

நேரசூசி தனிக்கதை. டொரொன்டோவில் சனி காலை 10 மணி என்றால், மாரியில் நமக்கு இரவு 8.30, கோடையில் 7.30. கனடா மார்ச்சின் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை மாற்றுகிறது. இங்கிலாந்து அந்த மாதத்தின் கடைசி ஞாயிறுவரை காத்திருக்கிறது. இடைப்பட்ட இரண்டு மூன்று வாரங்களில் தொலைபேசி நினைவூட்டல் இல்லாமல் ஒருவரும் சரியான நேரத்துக்கு வருவதில்லை. 2025இல் றமழானும் அதே மார்ச்சில் வந்தது. டொரொன்டோ வகுப்புகள் தராவீஹ் நேரத்தோடு மோதின. அந்த மாதம் முழுவதும் முருங்கன் அக்கா டொரொன்டோவைப் பொறுப்பெடுத்தார். அவரது லண்டன் பிற்பகல் வகுப்புகளை மற்றவர்கள் பிரித்துக்கொண்டார்கள். ஓகஸ்ட்டில் மடுத் திருவிழாவுக்கு அவர் போனபோது அவருடைய வகுப்புகள் எங்களுக்கு வந்தன. இது நடக்க, ஒவ்வொருவரின் பாடக்குறிப்பும் மற்றவர் எடுத்து நடத்தக்கூடிய விதத்தில் இருக்க வேண்டும். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம்வரை போனபோது எங்களைக் காப்பாற்றியதும் அந்தக் குறிப்புகள்தான். எருக்கலம்பிட்டியில் மின்சாரம் போனால் புத்தளத்தில் இருப்பவர் அதே பக்கத்திலிருந்து தொடர்ந்தார்.

உயர்தரம் முடித்த மகளை இப்படி ஒரு வேலைக்கு விடலாமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். வேலை தருபவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. கொடுப்பனவு எந்தத் திகதியில், யார் கையால் வரும்? மகளின் சொந்தத் தொலைபேசி இலக்கம் மாணவர் வீடுகளுக்குப் போகுமா? (எங்களிடம் போகாது. வகுப்புக்கான லிங்க் மட்டுமே போகும். பிள்ளையோடு தனிச்செய்தியும் கிடையாது.) வகுப்பைப் பதிவு செய்தால் அது யாரிடம் இருக்கும்? மகளுக்கு ஒரு பிரச்சினை வந்தால் அன்றைக்கே யாரோடு பேசலாம்? கடைசிக் கேள்விக்கு ஒரு பெயரும் இலக்கமும் கிடைக்காவிட்டால் கொஞ்சம் யோசியுங்கள்.

வீட்டிலும் ஒரு வேலை உண்டு. வகுப்பு நேரத்தில் கதவு மூடியிருக்க வேண்டும். "கொஞ்சம் அடுப்பைப் பார்" என்ற குரல் டொரொன்டோவரை கேட்கிறது. சிலாவத்துறையில் எங்கள் ஆசிரியையின் உம்மா, வகுப்பு நடக்கும்போது கதவுப்பிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி வைப்பார். துணி தொங்கும்வரை பேரப்பிள்ளைகளும் அந்தப் பக்கம் போவதில்லை.