கரைவது வேறு, சிதைவது வேறு

மாணவர்களே, சர்க்கரையை நீரில் இட்டால் சில நிமிடங்களில் கரைந்துவிடுகிறது. வேலம்பிசினை இட்டாலோ, முதலில் ஊறிப் பருத்து, பல மணி நேரம் சென்ற பிறகே கரைகிறது. காரணம் என்ன? பிசினின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சிக்குண்ட நீண்ட சங்கிலிகள். நீர் உட்புகுந்து அவற்றை ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டும். இத்தகைய பொருள்களைப் பல்லுறுப்பிகள் என்கிறோம்.

அறுவை மருத்துவர்கள் பயன்படுத்தும் 'கரையும் தையல் நூல்' பலவும் பாலிகிளைகாலிக் அமிலம் போன்ற பல்லுறுப்பிகளால் ஆனவை. ஆனால் இந்த நூல் உண்மையில் உடலில் கரைவதில்லை! அதன் சங்கிலிகள் படிகம்போல் நெருங்கி அடுக்கப்பட்டிருப்பதால், பெரும்பாலான கரிமக் கரைப்பான்களிலும் அது கரையாது. சங்கிலியில் லாக்டிக் அமிலக் கண்ணிகளைச் சரிபாதி கலந்தால் அந்த அடுக்கு குலைகிறது. இவ்வாறு கிடைக்கும் பி.எல்.ஜி.ஏ. அசிட்டோனில் எளிதில் கரையும்.

இந்தக் கரைசலை, கலக்கிக்கொண்டிருக்கும் நீரில் சொட்டுச் சொட்டாக விடுவோம். அசிட்டோன் நீருடன் கலந்துவிடுகிறது. ஆதரவை இழந்த சங்கிலிகள் நீரை வெறுத்துச் சுருண்டு வீழ்படிவாகின்றன. சிறுமூலக்கூறுகள் தனித்தனியே எங்கும் பரவ முடியும். கோத்த கண்ணிகளால் அது இயலாது. ஆகவே கரைப்பான் சற்று மாறினாலும் பல்லுறுப்பி பிரிந்து விழுகிறது. நீர் பால்போல் வெளுக்கிறது. அதிலுள்ள துகள்களின் விட்டம் ஒரு மீட்டரில் கோடியில் ஓரிரு பங்கே! நீரில் கரையாத மருந்தை அசிட்டோனில் முன்பே கரைத்திருந்தால், அதுவும் துகளுக்குள் சிறைப்படும். இது பெஸ்ஸி குழுவினர் 1989-இல் விவரித்த முறை.

டைகுளோரோமீத்தேனும் நல்ல கரைப்பானே. ஆனால் அது நச்சுத்தன்மை உடையது. மருந்தில் பத்து இலட்சத்தில் 600 பங்குக்கு மேல் அது எஞ்சக் கூடாது என்பது பன்னாட்டு வரம்பு.

இதுவரை எந்தச் சங்கிலியும் அறுபடவில்லை. கரைத்ததை அப்படியே மீட்டோம். இது இயற்பியல் மாற்றம். உடலில் நிகழ்வதோ வேதியியல் மாற்றம். நீர் எஸ்டர் பிணைப்புகளைத் துண்டிக்க, சங்கிலி லாக்டிக், கிளைகாலிக் அமிலங்களாகச் சிதைகிறது. நீங்கள் வேகமாக ஓடும்போது உங்கள் தசைகளில் உண்டாவதும் லாக்டிக் அமிலமே. முடிவில் கார்பன் டை ஆக்சைடும் நீரும் எஞ்சும்.

சிதைவு மெதுவாக நடப்பதால் மருந்தும் மெதுவாக வெளிவருகிறது. புராஸ்டேட் புற்றுநோயாளிகளுக்கு நாள்தோறும் போட்ட லியூப்ரோலைடு ஊசியை மாதம் ஒருமுறை போட்டால் போதும் என்ற நிலை 1989-இல் அமெரிக்காவில் வந்தது. அந்த ஊசியில் மருந்தைத் தாங்கிய நுண்ணுருண்டைகள் இதே பல்லுறுப்பியால் ஆனவை.

'கரையும் தையல்' என்ற பெயர் சரிதானா? இனி நீங்களே சொல்லுங்கள்.