ஒலி அலைப் பரிசோதனையில் கவனிக்க வேண்டியவை

நமது கிராமங்களில் 'ஸ்கேன்' என்று வழங்கும் ஒலி அலைப் பரிசோதனையைப் பற்றி இருவகை அபிப்பிராயங்கள் நிலவுகின்றன. கருவிலுள்ள குழந்தைக்குக் கெடுதல் நேரும் என்று அஞ்சிக் கர்ப்பிணியை அனுப்ப மறுக்கும் குடும்பங்கள் உண்டு. மாதந்தோறும் எடுத்துப் பார்ப்பதே நல்லது என்று வற்புறுத்துவோரும் உண்டு. இவற்றுள் முன்னதே அதிகத் தீங்கு விளைவிப்பது என்பது நமது கருத்து. நஞ்சுக்கொடி கருப்பையின் வாயை மறைத்துக் கிடப்பதைப் பிரசவத்துக்கு முன்பே அறிந்து கொள்ளாவிட்டால் தாயின் உயிருக்கே அபாயம் நேரக்கூடும்.

இப்பரிசோதனையில் எக்ஸ்ரே கதிர் சிறிதும் இல்லை. மனிதச் செவிக்கு வினாடிக்கு 20,000 அதிர்வுகள் வரையே கேட்கும். இக்கருவியின் ஒலியோ வினாடிக்கு 20 லட்சம் அதிர்வுகளுக்கும் மேற்பட்டது. கிணற்றுக்குள் குரல் கொடுத்து எதிரொலியைக் கேட்பது போல, வயிற்றின்மேல் வைக்கும் 'புரோப்' ஒலியைச் சிறு துடிப்பாக அனுப்பிவிட்டுத் திரும்பி வருவதைக் கேட்கிறது. கிளாஸ்கோ நகர வைத்தியர் இயான் டொனால்டும் அவருடைய துணைவர்களும் 1958-ல் இம்முறையை விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். அன்று முதல் கோடிக்கணக்கான தாய்மார்கள் இப்பரிசோதனையைச் செய்து கொண்டுள்ளனர்; முறைப்படி செய்த பரிசோதனையால் குழந்தைக்கு ஊறு நேர்ந்ததாக இதுவரை மெய்ப்பிக்கப்படவில்லை.

ஆயினும் ஒலியும் ஒரு சக்தியே. உடலுக்குள் பாயும்போது அதில் ஒரு பகுதி வெப்பமாக மாறுகிறது. தசை வலிக்குச் சிகிச்சை அளிப்போர் இத்தகைய ஒலியைக் கூடுதலாகச் செலுத்தியே தசையைச் சூடேற்றுகின்றனர். ஆகவே ஸ்கேன் கருவியின் திரையில் 'டி.ஐ.', 'எம்.ஐ.' என்னும் இரண்டு எண்கள் தெரியும். டி.ஐ. 1 என்றிருந்தால், வெப்பம் ஏறத்தாழ 1 டிகிரி செல்சியஸ் உயர இடமுண்டு என்று கொள்ளலாம். எம்.ஐ. என்பது ஒலியின் அழுத்தத்தைப் பற்றியது. நுரையீரல், குடல் போன்ற காற்றுள்ள உறுப்புகளில் அதைக் கவனிக்க வேண்டும். கண்ணைப் பரிசோதிக்கும்போது இரண்டையும் மிகவும் குறைத்து வைப்பது அவசியம்.

இரத்த ஓட்டத்தை அளக்கும் 'டாப்ளர்' முறை ஒரே இடத்தில் அதிகச் சக்தியைக் குவிக்கிறது. எனவே கர்ப்பத்தின் முதல் 10 வாரங்களில், தக்க காரணமின்றி அதைக் கருவின்மேல் பயன்படுத்தலாகாது. தாய்க்குக் காய்ச்சல் இருந்தால் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். தேவையான விவரம் கிடைக்கும் அளவுக்கு மட்டும், குறைந்த சக்தியில், குறைந்த நேரம் என்பதே விதி. குழந்தையின் முகத்தைப் பார்த்து மகிழ்வதற்காக நெடுநேரம் எடுப்பது இவ்விதிக்கு முரணானது.

24 வாரங்களுக்குள் ஒரு முறையேனும் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-ல் பரிந்துரைத்தது. அதற்குமேல் எத்தனை முறை என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதை அங்கத்தினர்கள் அறிவார்கள்.

ஒலியைவிடக் கைகளாலும் ஜெல்லாலும் வரும் தொந்தரவே நடைமுறையில் அதிகம் என்று நாம் கருதுகிறோம். 2021-ல் அமெரிக்காவில், தயாரிப்பிலேயே கிருமி கலந்த ஜெல்லினால் நோயாளிகளுக்குத் தொற்று பரவியது. வாயகன்ற டப்பாவில் இருந்து பழைய பாட்டிலில் ஜெல்லை நிரப்பிக் கொண்டே போவது கூடாது. ஒவ்வொருவருக்கும் பின்னர் புரோப்பைத் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். உடலுக்குள் செலுத்தும் புரோப்புக்குப் புதிய உறையும், அதைக் கழற்றிய பின் உயர்தரக் கிருமிநீக்கமும் இன்றியமையாதவை.

கருவியை இயக்குபவருக்குக் கதிர் அபாயம் இல்லை. ஈயக் கவசம் வேண்டியதில்லை. அவர் கர்ப்பிணியாயினும் இப்பணியைச் செய்யலாம். அவரை வாட்டுவது தோள், கழுத்து, மணிக்கட்டு ஆகியவற்றின் வலியே. கையை உடலிலிருந்து விலக்கி நீட்டி, புரோப்பை அழுத்திப் பிடித்துத் திரையை நோக்கிக் கழுத்தைத் திருப்பி நாள் முழுவதும் அமர்ந்திருந்தால் யாருக்குத்தான் வலிக்காது? ஆஸ்பத்திரிக்கு நன்கொடை அளிக்க விரும்புவோர் சுவர்க் கடிகாரமும் பீரோவும் வாங்கித் தருவது வழக்கம். உயரத்தை ஏற்றி இறக்கக்கூடிய ஒரு நாற்காலியும் கட்டிலும் அவற்றைவிட மிகுந்த பிரயோஜனம் தரும்.

மின்சார விஷயமும் ஒன்றுண்டு. உறை கிழிந்த வயரையும் கீறல் விழுந்த புரோப்பையும் உபயோகித்தால் நோயாளிக்கும் இயக்குபவருக்கும் மின் அதிர்ச்சி ஏற்படலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பார்வையிடச் செல்லும் பஞ்சாயத்து அங்கத்தினர்கள், கட்டடத்தின் எர்த் இணைப்பை மழைக்காலத்துக்கு முன் சோதித்தார்களா என்று கேட்டறிவது நலம்.