மடிப்பு மின்மிதிவண்டி வாங்குமுன் கேட்கவேண்டிய நான்கு கேள்விகள்

வீட்டிலிருந்து ரயில் நிலையத்துக்கு ஒன்றரை மைல். இறங்கும் நிலையத்திலிருந்து வேலைத்தலத்துக்கு இன்னொரு மைல். இலண்டனில் நாள்தோறும் பயணம் செய்வோர் பலருக்கு நேரம் வீணாவது இந்த இரு முனைகளிலேதான். மடித்து ரயிலில் ஏற்றிச் செல்லக்கூடிய மின்மிதிவண்டி, அதாவது கடைகளில் ‘ஃபோல்டிங் இ-பைக்’ என விற்கப்படுவது, இதற்கு நல்ல தீர்வாகும். வார இறுதியில் உலாவச் செல்லவும் அது உதவும்.

எனினும் விலை குறைந்த வண்டி எல்லாம் மலிவான வண்டி ஆகிவிடாது. பிழையான தெரிவு உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பாதிக்கலாம். வீட்டில் தீ விபத்துக்கும் காரணமாகலாம். ஆகவே பணம் செலுத்துமுன் பின்வரும் நான்கு கேள்விகளுக்கும் விடை தேடிக்கொள்ளுங்கள்.

1. சட்டத்தின் பார்வையில் இது மிதிவண்டியா?

மோட்டார் பொருத்திய ஒரு வண்டி மிதிவண்டியாகக் கருதப்படுவதற்குப் பிரித்தானியச் சட்டம் சில நிபந்தனைகளை விதிக்கிறது. மிதித்து ஓட்டக்கூடிய மிதிகட்டைகள் அதில் இருக்கவேண்டும். மோட்டாரின் தொடர் வலு 250 வோட்டுக்கு மேற்படக்கூடாது. வேகம் மணிக்கு 15.5 மைலை எட்டியதும் மோட்டாரின் உதவி தானாகவே நின்றுவிடவேண்டும். ஓட்டுபவர் 14 வயது நிறைந்தவராக இருக்கவேண்டும். இவையனைத்தும் பொருந்தினால் அனுமதிப்பத்திரமோ, பதிவோ, வாகன வரியோ, காப்புறுதியோ தேவையில்லை.

இவற்றுள் ஒன்று தவறினாலும் அது சட்டப்படி மோட்டார் வாகனமாகிவிடும். காப்புறுதியின்றி மோட்டார் வாகனம் ஓட்டிய குற்றத்துக்கு 300 பவுண் தண்டப்பணமும் 6 தண்டப் புள்ளிகளும் விதிக்கப்படலாம். பொலிஸார் வண்டியைக் கைப்பற்றவும் முடியும். கார் ஓட்டும் பரீட்சையில் தேறி இரண்டு ஆண்டுகள் முடியாத ஒருவர் 6 புள்ளிகள் பெற்றால், 1995ஆம் ஆண்டின் புதிய சாரதிகள் சட்டப்படி அவரது அனுமதிப்பத்திரம் இரத்தாகும். அண்மையில் அனுமதிப்பத்திரம் பெற்ற மகனுக்கோ மகளுக்கோ வண்டி வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் இதனைச் சிறப்பாக மனங்கொள்ளவேண்டும்.

இணையத்தில் 500 வோட், 750 வோட் வண்டிகளும் தாராளமாக விற்கப்படுகின்றன. விளம்பரத்தின் அடியில் ‘பொதுவீதிக்கு உரியதன்று’ எனச் சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். அத்தகைய வண்டியை, உரிமையாளரின் அனுமதியுடன் தனியார் நிலத்தில் மட்டுமே ஓட்டலாம். வேகக் கட்டுப்பாட்டை நீக்கும் வசதி உண்டென்று விற்பனையாளர் சொன்னால், அந்த வண்டியைத் தவிர்த்துவிடுங்கள். மிதிக்காமல் கைப்பிடியை முறுக்கியே முழு வேகத்தில் ஓட்டக்கூடிய புதிய வண்டிகளுக்குத் தனியான வகை அங்கீகாரம் தேவை என்பதையும் நினைவில் வையுங்கள்.

வண்டியில் ஒட்டப்பட்டுள்ள தகட்டைப் பாருங்கள். மோட்டாரின் வலு அல்லது அதைத் தயாரித்தவரின் பெயர், அத்துடன் மின்கலத்தின் வோல்ட் அளவு அல்லது உச்ச வேகம் அதில் காணப்படவேண்டும்.

2. இதனை என்னால் தூக்க முடியுமா?

2025 பெப்ரவரி 27ஆம் திகதி ரேனர்ஸ் லேன் நிலைய மேடையில் ஒரு மின்மிதிவண்டி தீப்பற்றியது. அவ்வாண்டு மார்ச் 31 முதல் நிலக்கீழ் ரயில், ஓவர்கிரவுண்ட், எலிசபெத் வழித்தடம், டொக்லண்ட்ஸ் இலகு ரயில் ஆகியவற்றில் மடிக்கப்படாத மின்மிதிவண்டிகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. மடிப்பு வண்டிகளுக்கு அனுமதி உண்டு. ஆனால் நிலையத்துக்குள் நுழைவது முதல் வெளியேறுவது வரை அவை மடித்தே இருக்கவேண்டும். ஏனைய ரயில் நிறுவனங்களின் விதிகள் வேறுபடலாம் என்பதால், உங்கள் வழித்தடத்துக்குரிய விதியை முன்கூட்டியே கேட்டறியுங்கள்.

எனவே மடித்த வண்டியை நீங்கள் கையில் சுமக்கவேண்டிவரும். மோட்டார் இல்லாத மடிப்பு மிதிவண்டி 12 கிலோ அளவில் இருக்கும். மின்வண்டிகள் பெரும்பாலும் 17 முதல் 25 கிலோ வரை நிறையுள்ளவை. நிலக்கீழ் ரயிலின் 272 நிலையங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் மட்டுமே படியின்றிச் செல்லும் வசதி உண்டு. கடையில் வண்டியை நீங்களே மடித்து, தூக்கி, ஒரு மாடிப்படி ஏறிப் பாருங்கள். முழங்கால் அல்லது முதுகுவலி உள்ளவர்கள் இதனைத் தவறாது செய்யவேண்டும். கிரீன்ஃபோர்டில் தயாராகும் பிரொம்ப்டன் வண்டிகள் மிகச் சிறிதாக மடியும். ஆனால் அவற்றின் மின்வகைகள் விலை கூடியவை. மலிவான வண்டிகள் பெரும்பாலும் 20 அங்குலச் சக்கரம் கொண்டவை. அவை ஓட்டத்தில் நிதானமானவை. மடித்தபின் இடம் கூடுதலாகப் பிடிப்பவை.

3. மின்கலம் எவ்வளவு தூரம் செல்லும், எவ்வளவு பாதுகாப்பானது?

வோல்ட் அளவை அம்பியர்-மணியால் பெருக்கினால் மின்கலத்தின் கொள்ளளவு கிடைக்கும். 36 வோல்ட், 10 அம்பியர்-மணி என்றால் 360 வோட்-மணி. மிதித்து ஓட்டும்போது மைலுக்கு 18 முதல் 24 வோட்-மணி செலவாகும் எனக் கொண்டால், 15 முதல் 20 மைல் செல்லலாம். ஓட்டுபவரின் நிறை, மேட்டு நிலம், குளிர் ஆகியவற்றால் இது மேலும் குறையும். விளம்பரத்தில் 40 மைல் என்றிருந்தால் அதன் பாதியை நம்புவதே விவேகம். நாளாந்தம் ஐந்து மைல் செல்பவருக்குப் பெரிய மின்கலம் வீண் செலவும் வீண் சுமையுமாகும். ஓர் அலகு மின்சாரம் 25 பென்ஸ் என்றால், இந்த மின்கலத்தை முழுமையாக மின்னேற்ற ஏறத்தாழ 10 பென்ஸ் போதும். மாற்று மின்கலத்துக்கோ பல நூறு பவுண் செலவாகலாம். அதன் விலையை முதலிலேயே கேளுங்கள்.

தரமற்ற லித்தியம் மின்கலம் தீப்பற்றினால் சில நொடிகளில் அறை முழுவதும் புகை சூழும். ஆகவே:

• வண்டியுடன் வந்த மின்னேற்றியை மட்டுமே பயன்படுத்துங்கள்.
• வாசல் நடையிலோ, படிக்கட்டின் அடியிலோ, வெளியேறும் வழியிலோ மின்னேற்றாதீர்கள்.
• உறங்கும்போது மின்னேற்றாதீர்கள். நிறைந்ததும் இணைப்பைத் துண்டியுங்கள்.
• வீங்கிய, அடிபட்ட, நனைந்த மின்கலத்தைப் பயன்படுத்தாதீர்கள்; குப்பைத்தொட்டியிலும் போடாதீர்கள்.
• அடுக்குமாடியில் வசிப்போர் வாடகை ஒப்பந்தத்தில் இதுபற்றிய நிபந்தனை உண்டா எனப் பாருங்கள்.

4. பழுதானால் யார் பொறுப்பு?

2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைகள் சட்டப்படி, வணிகரிடம் வாங்கிய பொருள் குறைபாடுடையதாயின் 30 நாட்களுக்குள் அதைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். வணிகரிடம் இணையவழி வாங்கியதாயின், வண்டி கைக்கு வந்து 14 நாட்களுக்குள் காரணம் கூறாமலே கொள்முதலை இரத்துச் செய்யலாம். விலை 100 பவுணுக்கு மேல் 30,000 பவுணுக்குள் இருந்து கடனட்டையால் செலுத்தினால், 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு கடனட்டை நிறுவனத்தையும் பொறுப்பாக்குகிறது. முகநூலில் அறிமுகமான தனியாரிடம் காசாகக் கொடுத்து வாங்குபவருக்கு இப்பாதுகாப்புகளுள் பெரும்பாலானவை இல்லை. பழைய வண்டி வாங்குவோர் அதன் சட்டக இலக்கத்தை ‘பைக்ரெஜிஸ்டர்’ பதிவேட்டில் சரிபார்த்தால் திருட்டுப்பொருளை வாங்கும் ஆபத்துக் குறையும்.

தொழில்வழங்குநர் ‘சைக்கிள் டு வேர்க்’ திட்டத்தில் இணைந்திருந்தால் வண்டியின் விலை வரிக்கு முந்திய சம்பளத்திலிருந்து தவணையாகக் கழிக்கப்படும். அடிப்படை வீத வரி செலுத்துவோருக்கு வருமானவரியிலும் தேசிய காப்புறுதியிலுமாகத் தவணைத் தொகையில் 28 சதவீதம் மிச்சமாகும். முடிவில் வண்டியை உரிமையாக்கிக்கொள்ள ஒரு சிறு தொகை செலுத்த நேரிடலாம். சம்பளம் தேசிய குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழ் இறங்குமாயின் இத்திட்டத்தில் சேர முடியாது. சுயதொழில் செய்வோருக்கும் இது பொருந்தாது.

வண்டி வந்தபின்

இரவில் முன்புறம் வெள்ளை விளக்கும் பின்புறம் சிவப்பு விளக்கும் கட்டாயம். தலைக்கவசம் சட்டப்படி கட்டாயமன்று. ஆயினும் அணிவதே நன்று. நடைபாதையில் ஓட்டுவது குற்றம். ஓய்வுநாளில் கிரீன்ஃபோர்ட், அல்பேர்ட்டன் வழியே செல்லும் கிராண்ட் யூனியன் கால்வாய்க் கரையில் ஓட்டிப் பழகலாம். அங்கே நடந்து செல்வோருக்கே முன்னுரிமை.

நான்கு கேள்விகளுள் முதலாவதற்கு ‘ஆம்’ என்ற விடை கிடைக்காத வண்டியை, எவ்வளவு விலை குறைத்துத் தந்தாலும் வாங்காதீர்கள். விடை கிடைத்தபின் மற்ற மூன்றையும் பொறுமையாக ஆராயுங்கள்.