பயணமும் ஆட்டத்தில் சேர்த்தி

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிறு இரவு நீ அனுப்பிய குறுஞ்செய்தியை வாசித்தேன். "ஹட்டன்ல ஆடுனா ஜெயிக்கிறோம். கொழும்புக்குப் போனா மட்டும் ஏன் சேர் தோக்குறோம்? தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இவ்வளவுதானா?" என்று கேட்டிருந்தாய். தொலைபேசியில் இரண்டு வரி எழுதி அனுப்ப மனம் வரவில்லை. உன் இரண்டாவது கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்லலாம்: இல்லை. முதலாவது நல்ல கேள்வி. இந்தக் கடிதம் அதற்காகத்தான்.

கொழும்பு உதைபந்து ஆட்டத்தின் இடைவேளையில் நாம் 1-0 என்று முன்னணியில் இருந்தோம். கடைசி 15 நிமிடம் தொடங்கும்வரை அந்த முன்னணி நம்மிடம் இருந்தது. அதற்குப் பிறகு மூன்று கோல்கள். அவற்றில் இரண்டு நீ காத்து நின்ற இடது பக்கத்தால் வந்தன. அதனால்தான் திரும்பி வரும்போது அவிசாவளை தாண்டியும் நீ தலை நிமிரவில்லை. ஆனால் தம்பி, அந்த 15 நிமிடங்களுக்குள்ளேயே காரணத்தைத் தேடினால் உனக்கு உன் கால்கள் மட்டும்தான் அகப்படும். நாம் இன்னும் முன்னால் போய், அதிகாலையில் பஸ் ஏறிய நேரத்திலிருந்து பார்க்க வேண்டும்.

நமது ஊரான ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. கினிகத்தேனை, கித்துல்கலை, யட்டியாந்தோட்டை, அவிசாவளை என்று வளைந்து வளைந்து 120 கிலோமீற்றருக்கு மேல் இறங்கினால்தான் கொழும்பு. கினிகத்தேனை வளைவுகளிலேயே நம்மில் சிலருக்கு வாந்தி. வாந்தி எடுத்தவன் பிறகு சாப்பிடவில்லை. மற்றவர்கள் விடியுமுன் தின்ற ரொட்டியும் சம்பலும்தான் பிற்பகல்வரை தாங்கின. தண்ணீர்? குளிரில் வளர்ந்த நமக்குத் தாகம் எடுப்பதே குறைவு. போத்தல்கள் பாதி நிறைந்தபடியே மைதானத்துக்கு வந்து சேர்ந்தன.

நம்மூரில் பகலில் 20 பாகையை ஒட்டி நிற்கும் வெப்பம், கொழும்பில் பிற்பகல் 30 பாகையைத் தொடுகிறது. சூடு ஒரு பங்குதான், ஈரப்பதன் இன்னொரு பங்கு. வியர்வை வழிந்தால் மட்டும் உடம்பு ஆறாது. அது ஆவியாகிப் போக வேண்டும். கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காயாமல் சட்டையோடு ஒட்டிக்கொள்கிறது. உள்ளே ஏறும் சூட்டை வெளியேற்ற இதயம் கூடுதல் இரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது. கால் தசைகளுக்குப் போகும் பங்கு குறைகிறது, இதயத்துடிப்பு ஏறுகிறது, ஆட்டத்தின் தொடக்கத்தில் உனக்குச் சுலபமாக இருந்த அதே ஓட்டம் முடிவில் மலையேற்றமாகிறது. புதிய வெப்பத்துக்கு உடம்பு ஓரளவு பழக 10 முதல் 14 நாட்கள் வேண்டும். நாம் கொடுத்தது சில மணி நேரம்.

இன்னொன்றையும் நீ கவனித்திருக்க மாட்டாய். மலைக் காற்று கொழும்புக் காற்றைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. அதே பலத்தோடு உதைத்தாலும் கீழே பந்து சற்று முன்னதாகவே விழுந்துவிடும். நம் கோல் காப்பாளரின் நீண்ட உதைகள் முன்களத்துக்குப் போகாமல் கொழும்பு அணியின் மத்தியகள வீரர்களின் கால்களில் விழுந்ததற்குக் களைப்போடு இதுவும் ஒரு காரணம். போய் இறங்கியதும் கால்மணி நேரம் நீண்ட பந்துகளை மட்டும் உதைத்துப் பார்த்தாலே கால் அதைக் கண்டுபிடித்துவிடும்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய காரணம் என்று நான் நினைப்பது நாம் உதைபந்து பழகும் இடம். மலையை வெட்டிச் சமப்படுத்திய தோட்ட மைதானம் எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் தேயிலை. அகலம் போதாது. அதனால் நம் பிள்ளைகளுக்கு நெருக்கத்தில் பந்தை அடக்கும் கால் வாய்த்திருக்கிறது. அது பெரிய சொத்து, நீ அதை இழக்கக் கூடாது. ஆனால் பந்து தேயிலைக்குள் போனால் என்ன நடக்கிறது? கவ்வாத்து வெட்டிய மலையென்றால் உடனே கண்ணில் படும். கொழுந்து தழைத்த மலையென்றால் யாராவது இறங்கித் தேடி எடுத்து வரும்வரை எல்லோரும் இடுப்பில் கை வைத்து நிற்கிறோம். நீ பழகிய ஒவ்வொரு ஆட்டத்திலும் அந்த இளைப்பாறல் இருந்தது. கொழும்பில் பந்து கோட்டைத் தாண்டிய அடுத்த கணமே ஓரத்தில் நின்ற சிறுவன் இன்னொரு பந்தை வீசினான். ஆட்டம் நிற்கவேயில்லை. நம் உடம்புக்கு அந்தக் கணக்கு தெரியாது.

அகலமும் அப்படித்தான். 105 மீற்றர் நீளமும் 68 மீற்றர் அகலமும் கொண்ட முழு மைதானத்தில் அவர்களின் வலது முன்கள வீரன் வெள்ளைக் கோட்டிலேயே ஒட்டிக்கொண்டு நின்றான். நீ நடுவைக் காக்க உள்ளே போனால் அவன் தனியாக இருந்தான். அவனிடம் போனால் நடு வெறுமையானது. இரண்டாவது கோலின்போது நீ உள்ளே வந்தது சரியான முடிவு. உனக்கு முன்னால் ஆடியவன் பின்னால் ஓடி வரவில்லை. அந்த நேரத்தில் உன்னிடம் நான் எதிர்பார்த்தது கூடுதல் ஓட்டத்தையல்ல, குரலை. நம்மூர் டன்பார் மைதானத்தில் மூடுபனி இறங்கி எதிர்க் கோல் கம்பம் தெரியாத நாளிலும் நீங்கள் ஓயாமல் ஒருவரையொருவர் கூப்பிட்டபடி ஆடுவீர்கள். கொழும்பில் பதினொரு பேரும் வாய் மூடி ஆடினீர்கள். நான் ஓரத்தில் நின்று கேட்டேன். அரங்கின் சத்தம் கேட்டது, உங்கள் சத்தம் கேட்கவில்லை.

கூட்டத்தின் சத்தம் ஆட்டத்தை மாற்றுகிறது என்பது வெறும் பேச்சல்ல. 2020 மே மாதம் ஜெர்மனியின் பூண்டஸ்லிகா ஆட்டங்கள் கொவிட் காரணமாகப் பார்வையாளர் இல்லாமல் மீண்டும் தொடங்கின. சொந்த மைதானத்தில் ஆடிய அணிகள் வெல்வது முன்னைவிடக் குறைந்தது. வெளியிலிருந்து வந்த அணிகளுக்குக் காட்டப்படும் மஞ்சள் அட்டைகளும் குறைந்ததாக ஐரோப்பிய ஆட்டங்களை ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். மத்தியஸ்தர் நேர்மையற்றவர் என்று இதற்குப் பொருளில்லை. இரைச்சல் அவர் காதிலும் விழுகிறது, அவ்வளவுதான். கொழும்பில் ஒரு மூலையிலிருந்து சிலர் தோட்டத்தைச் சொல்லி ஏளனமாகக் கத்தியதும் எனக்குக் கேட்டது. அந்தக் கத்தல்தான் உன் குறுஞ்செய்தியின் இரண்டாவது கேள்வியாக வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். நான் இதுவரை எழுதிய காரணங்களைத் திரும்ப வாசித்துப் பார்: வெப்பம், தண்ணீர், அகலம், நிற்காத ஆட்டம், மூடிய வாய். நீ எந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்தாய் என்பது இவற்றில் எங்கேயாவது வருகிறதா?

இனி உனக்கு ஓர் ஆசிரியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சையத் அப்துல் ரஹீம். ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர், பிறகு இந்திய அணியின் பயிற்றுவிப்பாளர். 1952 ஜூலையில் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் அவருடைய அணி யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றது. நம் 3-1 அதற்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை. அந்த அணியில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடப் பழகியவர்கள். பின்லாந்தின் குளிருக்கும் தரைக்கும் அந்தக் கால்கள் ஈடுகொடுக்கவில்லை. தோல்விக்குப் பிறகு இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் சப்பாத்து அணிவதைக் கட்டாயமாக்கியது. ரஹீம் பிள்ளைகளின் பழக்கத்தையே மாற்றப் பார்த்தார். பந்தைத் தானே கடத்திக்கொண்டு ஓடக் கூடாது என்ற விதியோடு போட்டி வைத்தார். பலவீனமான காலால் மட்டும் ஆட வேண்டும் என்றும் போட்டி வைத்தார். 1956 இல் மெல்பேர்னில் அதே இந்தியா, அவுஸ்திரேலியாவை அவர்களின் சொந்த மண்ணிலேயே 4-2 என்று வென்று ஒலிம்பிக் அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய அணியானது. அரையிறுதியில் மீண்டும் யூகோஸ்லாவியா. இந்தியாதான் முதலில் கோல் அடித்தது. முடிவில் 4-1 என்று தோற்றது. தோற்றார்கள்தான். ஆனால் 10-1 இலிருந்து 4-1 க்கு வந்த நான்கு வருட வேலையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அவருடைய கடைசிப் பெரிய தொடர் 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டி. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 தோல்வி. அடுத்து தாய்லாந்தை வென்ற ஆட்டத்தில் பின்கள வீரர் ஜர்னெய்ல் சிங்கின் தலை உடைந்து தையல் போட வேண்டியதாயிற்று. ரஹீம் அவரைப் பிறகு முன்களத்துக்கு மாற்றினார். தாய்வான், இஸ்ரேல் வீரர்களை இந்தோனேசியா அனுமதிக்காததை ஓர் இந்திய அதிகாரி எதிர்த்துப் பேசியதால் உள்ளூர் மக்கள் இந்தியர்கள் மேல் கடும் கோபத்தில் இருந்தார்கள். செப்டெம்பர் 4 ஆம் திகதி இறுதியாட்டத்தில் ஏறத்தாழ 100,000 பேர் கூடிய அரங்கு முழுவதும் இந்தியாவுக்கு எதிராகக் கத்தியது. எதிரே மறுபடியும் தென்கொரியா. பி. கே. பானர்ஜி ஒரு கோல், தலையில் கட்டோடு ஜர்னெய்ல் சிங் ஒரு கோல். காய்ச்சலிலிருந்து எழுந்து வந்து கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ், நம்மைப் போலத் தமிழ்ப் பெயர் கொண்டவர். 85 ஆவது நிமிடத்தில் கொரியா ஒன்றைத் திருப்பியது. அந்த இடத்தில்தான் நாம் சரிந்தோம் தம்பி, அவர்கள் சரியவில்லை. 2-1, தங்கப் பதக்கம். அப்போதே புற்றுநோயோடு இருந்த ரஹீம் அடுத்த வருடம் ஜூனில் இறந்துபோனார்.

நம் நாட்டு அணியின் கதையொன்றும் உண்டு. அது வேறு விதமானது. 2019 ஜூன் 6 ஆம் திகதி உலகக் கிண்ணத் தகுதிகாண் சுற்றில், நிசாம் பக்கீர் அலியின் பயிற்சியில் இருந்த இலங்கை அணி சீனாவின் சுஹாயில் மக்காவோவிடம் 1-0 என்று தோற்றது. ஐந்து நாளில் கொழும்பில் பதிலடி கொடுக்கும் வாய்ப்பு இருந்தது. அந்த வருடம் நம் நாட்டில் நடந்த உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களைக் காரணம் காட்டி மக்காவோ அணி வரவில்லை. பீஃபா இலங்கைக்கு 3-0 என்று வெற்றியை எழுதிக் கொடுத்தது. அந்த அணி அடுத்த சுற்றுக்குப் போனதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அந்த வீரர்களுக்குத் தங்கள் தோல்விக்குத் தாங்களே பதில் சொல்லும் 90 நிமிடங்கள் கிடைக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. உனக்கு அந்த 90 நிமிடங்கள் கிடைக்கப்போகின்றன.

அடுத்த மாதம் குருணாகலுக்குப் போகிறோம். அதுவும் வெயில் ஊர். இந்த முறை முதல் நாளே போய் இரவு தங்குகிறோம். அதிபரிடம் பேசிவிட்டேன், பெற்றோருக்கும் கடிதம் வரும். வளைவுகளில் யாருக்கு வாந்தி வருமோ அவர்கள் முன் ஆசனங்களில் இருப்பார்கள், புறப்படுமுன் வயிறு நிறையச் சாப்பிடவும் கூடாது. தண்ணீர் குடிப்பதை ஆட்டத்துக்கு முதல் நாளே தொடங்க வேண்டும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதே. சிறுநீரின் நிறம் மஞ்சள் கூடினால் குடித்த தண்ணீர் போதாது என்று பொருள். இடைவேளையில் வெறும் தண்ணீரோடு உப்பும் சீனியும் போட்ட தேசிக்காய்த் தண்ணீரும் இருக்கும். இனி பயிற்சியில் தேயிலைக்குள் போன பந்தை யாரும் உடனே தேடப் போவதில்லை. ஓரத்தில் நாலைந்து பந்துகள் வைத்திருப்பேன், ஒன்று போனால் அடுத்தது உள்ளே வரும். நீங்கள் நிற்கவே கூடாது. வாரத்தில் ஒரு பயிற்சி நகர மைதானத்தின் முழு அகலத்தில். இன்னொரு பயிற்சியில் பெரிய ஒலிபெருக்கியில் கூட்டச் சத்தத்தைப் போட்டுவிடுவேன். அதற்கு மேலால் உன் குரல் எனக்குக் கேட்க வேண்டும்.

அதற்கு முன் உனக்கு ஒரு வேலை. ஒரு கொப்பியில் மைதானத்தை வரைந்து, அந்த மூன்று கோல்களின்போதும் நீ எங்கே நின்றாய், பந்து எங்கே பறிபோனது, யாரைக் கூப்பிட்டாய் அல்லது கூப்பிடவில்லை என்று குறித்து வை. நாளைக்கே செய். நாள் போனால் நினைவு தனக்குப் பிடித்த மாதிரி கதை கட்டிக்கொள்ளும். "நான் மோசமாக ஆடினேன்" என்று எழுதாதே, அதைக் கொண்டு எனக்கு ஒன்றும் செய்ய முடியாது. "இரண்டாவது கோலுக்குச் சற்று முன்னால் எனக்கு மூச்சு வாங்கியது, வலப்பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை" என்று எழுது. முதல் பாதியில் அந்த முன்கள வீரனிடமிருந்து நீ திரும்பத் திரும்பப் பந்தைப் பறித்தாயே, அதையும் எழுது. எப்படிப் பறித்தாய் என்பது உனக்கே தெரிந்திருக்க வேண்டும்.

புதன்கிழமை பாடசாலை விட்டதும் கொப்பியோடு வா. தண்ணீர்ப் போத்தல் இரண்டு கொண்டு வா, நிரப்பி.

அன்புடன்,
உன் பயிற்றுவிப்பாளர்
ஹட்டன்