தண்ணீராகாத ஐஸ்: தொட்டால் புண், அடைத்தால் ஆபத்து



ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்த பையனை அவன் தாயார் என்னிடம் அழைத்து வந்தார். விரல் நுனியெல்லாம் கொப்புளம். "நெருப்புக்கிட்டயே போகலீங்க ஐயா, ஐஸைத்தான் தொட்டான்" என்றார். அந்த அம்மா சொன்னது உண்மை. மேடையில் வெண்புகை கிளப்ப வைத்திருந்த டிரை ஐஸ் கட்டியைப் பையன் கையில் எடுத்திருக்கிறான்.

இது என்ன ஐஸ்? நாம் குடிக்கும் ஐஸ் தண்ணீரில் ஆனது. இது கரியமில வாயுவைக் கட்டியாக்கியது. இதன் குளிர் மைனஸ் 78 டிகிரி. இது உருகித் தண்ணீராகாது, நேரே வாயுவாகிவிடும். ஒரு கிலோ கட்டி சுமார் 500 லிட்டர் வாயுவாக விரியும். அது காற்றைவிடக் கனமானதால் தரையோடு தேங்கி நிற்கும்.

இதனால் நன்மையும் உண்டு. 2021 பிப்ரவரி 21-ல் ஃபைசர் கோவிட் தடுப்பூசி முதன்முதலாக நம் நாட்டுக்கு வந்தது. மைனஸ் 70 டிகிரி குளிரில் காக்க வேண்டிய அந்த மருந்து கெடாமல் இருக்க உதவியது டிரை ஐஸ்தான்.

ஆனால் இவற்றை மறக்காதீர்கள்:

1. வெறுங்கையால் தொடாதீர்கள். தடித்த கையுறையும் இடுக்கியும் வேண்டும்.

2. போத்தலிலோ, இறுக மூடும் டப்பாவிலோ அடைக்காதீர்கள். வாயு விரிந்து வெடிக்கும்.

3. மூடிய அறையிலும் காரிலும் வைக்காதீர்கள். மூச்சு முட்டும். 2020-ல் மாஸ்கோவில் நீச்சல் குளத்தில் வேடிக்கைக்காக இதைக் கொட்டினார்கள். மூன்று பேர் மாண்டார்கள். கல்யாண மண்டபத்தில் புகை தரையில்தானே பரவுகிறது? பிள்ளைகளை அதில் குனிந்து, உட்கார்ந்து விளையாட விடாதீர்கள்.

4. வாயில் போடாதீர்கள். 2024-ல் இந்தியாவில் குருகிராம் நகரத்து உணவகம் ஒன்றில், சாப்பிட்ட பின் இதை வாயில் போட்ட ஐந்து பேர் இரத்த வாந்தி எடுத்தார்கள்.

கையில் பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள், நெருப்பில் காட்டாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து, உடனே கிளினிக்குக் கொண்டு போங்கள். விழுங்கிவிட்டால் நேரே ஆஸ்பத்திரிதான். புகை நிறைந்த அறையில் யாராவது மயங்கி விழுந்தால் பதறி உள்ளே ஓடாதீர்கள், நீங்களும் விழுவீர்கள். வெளியிலிருந்தே கதவு, ஜன்னல்களைத் திறந்துவிட்டு 999-க்கு அழையுங்கள்.

ஐஸ்தானே என்று அலட்சியம் வேண்டாம். பிள்ளைகளுக்கு இன்றே சொல்லி வையுங்கள்.