அடுப்பில் ஏறாத விருந்துத் தட்டு

வீட்டுக்கு விருந்தினர் வந்தால் முதலில் பிளேன்ரீ, அதன் பின் பிஸ்கட், கொஞ்சம் வசதியிருந்தால் கடையில் வாங்கிய ரோல்ஸும் கட்லட்டும். நுவரெலியாவிலும் ஹட்டனிலும் நாம் பழகிய வழக்கம் இது. கரட்டும் லீக்ஸும் முள்ளங்கியும் கண்ணெதிரே விளைகின்றன. ஆனாலும் அவை நம் விருந்துத் தட்டை எட்டிப் பார்க்காமலே லொறியேறி தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் போய்விடுகின்றன. இது எனக்கு எப்போதும் விந்தையாகவே இருக்கிறது.

இந்த மரக்கறிகளும் ஒரு காலத்தில் இங்கே விருந்தாளிகள்தாம். சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 1848இல் நுவரெலியாவில் ஒரு பண்ணைக் குடியிருப்பை அமைத்தார். தம் நாட்டிலிருந்து ஆட்களையும் மாடுகளையும் விதைகளையும் கப்பலில் கொண்டுவந்தார். குளிர்நாட்டு மரக்கறியும் பால்மாடும் இம்மலையில் நிலைக்கும் என்பது மெல்ல மெல்லத் தெரியவந்தது. இன்று பதுளை ரயிலில் போகிறவர்கள் அம்பேவலைப் பக்கம் புல்வெளியில் மேயும் மாடுகளைக் காணாமல் போக முடியாது. ஆக மரக்கறியும் பாலும் ஒரே மலையில் இருக்கின்றன. இரண்டையும் ஒரே தட்டில் சேர்ப்பதுதான் இக்கட்டுரையின் பாடம். நெருப்புத் தேவையில்லை. 2022இல் எரிவாயு சிலிண்டருக்காக வரிசையில் நின்ற வீடுகளுக்கு இதன் அருமை விளங்கும்.

பசியூட்டி என்பது வயிற்றை நிரப்பும் உணவல்ல. பிரதான சாப்பாட்டுக்கு நாவைத் தயார் செய்வது. வெள்ளரிக்காய் வட்டத்தின் மேல் ஒரு கரண்டி சீஸ், பக்கத்தில் கரட் குச்சிகள், அவ்வளவுதான். ஆனால் எந்தச் சீஸ்?

இக்கேள்வி எங்கள் வீட்டில் இரண்டு வாயிலிருந்து வந்தது. கடைச் சீஸ் பெட்டியைக் கண்ட உம்மா, “இது ஹலாலா?” என்றார். டியூஷன் தோழியின் அம்மா தோட்டத்திலிருந்து வந்திருந்தார். வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும் உண்பவர். அவர் கேட்டது, “இதுல மாட்டுச் சாமான் ஏதும் சேருதா புள்ள?” இரண்டும் ஒரே கேள்விதான் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

பாலில் கேசீன் என்ற புரதம் நுண்துணிக்கைகளாக மிதக்கிறது. அவை ஒன்றையொன்று தள்ளுவதால் பால் திரவமாகவே நிற்கிறது. அதைத் திரளச் செய்ய இரு வழிகள் உண்டு. ஒன்று அமிலம்: பிஎச் பெறுமானம் 4.6 அளவுக்கு இறங்கும்போது கேசீன் ஒன்றுசேர்ந்துவிடும். மற்றது ரென்னட். பால்குடிக் கன்றின் இரைப்பையிலிருந்து பாரம்பரியமாக எடுக்கப்பட்ட இதில் கைமோசின் என்ற நொதியம் உள்ளது. கன்று முறையாக அறுக்கப்பட்டதா என்பதே உம்மாவின் கவலை. இமாம் அபூஹனீபா, தானாகச் செத்த பிராணியின் ரென்னட்டையும் தூய்மையானதாகவே கொண்டார். நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹப் இதில் இறுக்கமானது. பால் மட்டும் குடித்த, முறையாக அறுக்கப்பட்ட குட்டியினது என்றால்தான் ஏற்கிறது. தபூக்கில் நபியவர்களிடம் சீஸ் கொண்டுவரப்பட்டபோது கத்தி கேட்டு, பிஸ்மில்லாஹ் கூறி வெட்டினார்கள் என்று அபூதாவூதில் வருகிறது. எனவே சீஸ் என்ற உணவு நமக்கு அந்நியமன்று.

நுண்ணங்கிகளைக் கொண்டு கைமோசின் தயாரிக்கும் முறைக்கு அமெரிக்கா 1990இல் அனுமதி வழங்கியது. இன்று பல சீஸ்கள் அப்படித்தான் உருவாகின்றன. பெட்டியில் ‘நுண்ணங்கி ரென்னட்’ என்றோ, மரக்கறி உண்பவர்க்கு உகந்தது என்றோ இருக்கிறதா எனப் பாருங்கள். ஹலால் சான்று இலச்சினையையும் பாருங்கள். வெறுமனே ‘ரென்னட்’ என்று மட்டும் இருந்தால் உம்மாவுக்கும் பதில் இல்லை, அந்த அம்மாவுக்கும் பதில் இல்லை.

நான் தெரிந்தெடுத்தது அமில வழி. தயிரில் பற்றீரியாக்கள் உண்டாக்கும் இலக்ரிக் அமிலமே பாலைத் திரளச் செய்துவிட்டது. ரென்னட்டுக்கு அங்கே வேலையில்லை. அந்தத் தயிரை வடித்தால் அரபு நாடுகளில் காலையுணவுக்கு வைக்கும் லப்னா கிடைக்கிறது.

ஒரு லீற்றர் கெட்டித் தயிரை, கொதிநீரில் அலசிய மெல்லிய வெள்ளைத் துணியில் கட்டி, பாத்திரத்தின் மேல் ஓரிரவு தொங்கவிடுங்கள். குளிர்சாதனப்பெட்டி இருந்தால் அதனுள்ளே. இல்லாத லயன் வீட்டிலும் ஜனவரி இரவின் குளிர் போதும். எறும்பும் ஈயும் அண்டாமல் மூடினால் சரி. காலையில் பாதிக்கும் குறைவான அளவில் மிருதுவான சீஸ் துணியில் நிற்கும். வடிந்த நீரை ஊற்றிவிடாதீர்கள், ரொட்டி மாவு பிசையலாம். சீஸில் மிளகுத்தூள், நறுக்கிய புதினா, லீக்ஸின் வெள்ளைப் பகுதி சிறிது சேர்த்துக் கலக்குங்கள்.

பச்சையாக உண்பதால் கழுவுவதில் சோம்பல் கூடாது. நமது தோட்டங்களில் எருவும் பூச்சிநாசினியும் தாராளம். ஓடும் நீரில் தேய்த்துக் கழுவி, கரட்டைச் சீவி, கடைசியாகக் கொதித்தாறிய நீரில் அலசுங்கள். லீக்ஸை நீளவாக்கில் பிளந்தால்தான் மடிப்புக்குள் இருக்கும் மண் போகும்.

இரண்டு வெள்ளரிக்காயை ஒரு சென்ரிமீற்றர் தடிப்பில் வெட்டினால் முப்பதுக்கு மேல் வட்டங்கள் வரும். நடுவைக் கரண்டியால் சற்றுக் குழியாக்குங்கள். உப்பை முன்கூட்டியே தூவினால் பிரசாரணத்தால் நீர் வெளியேறி, தட்டு குளமாகிவிடும். எனவே தேவையான உப்பைப் பரிமாறும் வேளையில் சீஸில் கலந்து, உடனே நிரப்புங்கள். கரட்டிலுள்ள கரோட்டீனை உடல் உறிஞ்சக் கொழுப்பு வேண்டும். சீஸைத் தொட்டுத் தின்பது அந்த வகையிலும் பொருத்தம்.

தட்டு வெளியே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கலாகாது. எங்கள் வீட்டில் அந்தச் சிக்கல் வரவில்லை. “அப்ப நானும் சாப்பிடலாம்” என்று தோழியின் அம்மா முதல் வட்டத்தை எடுத்தார். பிளேன்ரீ ஆறுமுன் தட்டு காலி.