“இப்பவே வேணும்” என்கிற பிள்ளைக்கு

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளை வளர்ப்பவர்களுக்கு இந்தக் குறிப்புகள். அடம் பிடிக்கிற குழந்தையை அதட்டி அடக்கிவிடலாம், ஆனால் அடங்குவதும் ஆசையைத் தானே பொறுத்துக்கொள்வதும் ஒன்றல்ல. இங்கே பேச்சு இரண்டாவதைப் பற்றித்தான்.

1. பண்டம் கண்ணில் படாமல் இருக்கட்டும். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலைப் பள்ளியில் வால்டர் மிஷெல் நடத்திய ஆய்வைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். இப்போதே வேண்டுமென்றால் அவ்வளவாகப் பிடிக்காத பண்டம், பொறுத்திருந்தால் அதிகம் பிடித்தது. 1970இல் வெளியான முடிவின்படி, பண்டங்கள் எதிரிலேயே இருந்தபோது பிள்ளைகள் சராசரியாக ஒரு நிமிடம்தான் தாங்கினார்கள். கண்ணில் படாதபோது சுமார் 11 நிமிடம் பொறுத்தார்கள். ஆகவே முறுக்கைக் கண்ணாடி பாட்டிலில் வைக்காதீர்கள், தகர டின்னில் வையுங்கள். சரம் சரமாகச் சிப்ஸ் பாக்கெட் தொங்கும் பெட்டிக்கடை வழியாகப் போகாமல் அங்கன்வாடிக்கு வேறு சந்து இருந்தால், அதில் போங்கள்.

2. வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுங்கள். எல்லாக் குறிப்புகளிலும் இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஓர் ஆய்வு 2013இல் வெளியானது. நல்ல கிரேயான் கொண்டுவருகிறேன் என்று சொல்லிப் போன பெரியவர், சில பிள்ளைகளுக்குச் சொன்னபடி கொண்டுவந்தார். மற்றப் பிள்ளைகளிடம் வெறுங்கையோடு திரும்பினார். பிறகு எல்லோருக்கும் பண்டத்தை வைத்துக் காத்திருக்கச் சொன்னபோது, வாக்கு காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரி 12 நிமிடம் இருந்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிடம்தான். சொன்னது வரும் என்ற நம்பிக்கை இல்லாத பிள்ளை எதற்காகக் காத்திருக்கும்?

மீன் தொழில் வீட்டில் இது லேசான காரியமில்லை. “இன்னிக்கு இறால் நல்லா பட்டா சைக்கிள் வாங்கித் தரேன்” என்று அப்பா ஆசையாகச் சொல்லிவிட்டுப் போவார். இறால் படுவது அவர் கையில் இல்லை. முகத்துவாரம் மணலடித்துத் தூர்ந்துபோன வருஷம் கேட்கவே வேண்டாம். வலையை நம்பி வாக்குக் கொடுக்காதீர்கள். “சாயங்காலம் உன்னைத் தோள்ல வச்சுக் கரைக்குக் கூட்டிட்டுப் போறேன்” என்பது கட்டாயம் நிறைவேற்றக்கூடிய வாக்கு. தவறிப்போனால், பிள்ளை கேட்கும் முன்பே நீங்களே போய்ச் சொல்லி, இன்னொரு நாளைக் குறித்துக் கொடுங்கள்.

3. “பாடு” என்ற சொல்லை வீட்டுக்குள்ளும் கொண்டுவாருங்கள். ஏரியில் வலை கட்டும் இடங்களைப் பாடு பிரித்து, உரிமையுள்ள குப்பத்தார் முறை வைத்துப் பிடிப்பது இங்கே தலைமுறை வழக்கம். தன் முறை இல்லாத நாளில், இறால் எவ்வளவு ஓடினாலும் அந்த இடத்தில் வலை இறக்க மாட்டார்கள். தன் நாள் வரும் என்பது உறுதியாகத் தெரிவதால்தான் அந்தப் பொறுமை வருகிறது. எல்லாக் குப்பத்துக்கும் எல்லாச் சாதிக்கும் அந்த உரிமை இல்லை என்பது எனக்கு வருத்தம்தான். வீட்டிலாவது யாரும் விட்டுப்போக வேண்டாம். ஊஞ்சல், செல்போன், பாட்டி மடி என்று எதற்கும் முறை வையுங்கள். “இப்போ தங்கச்சி பாடு, அடுத்தது உன் பாடு.” கடைக்குட்டி என்பதற்காக ஒரு நாளும் முறையை மாற்றாதீர்கள். ஒரு தடவை மாற்றினால் பெரியவன் அடுத்த முறை காத்திருக்க மாட்டான்.

4. “கொஞ்ச நேரம்” என்றால் மூன்று வயதுக்குப் புரியாது. “சோறு வடிக்கிற வரைக்கும்”, “குக்கர் மூணு விசில் அடிக்கிற வரைக்கும்”, “தாத்தா இந்தக் கிழிசலைத் தைச்சு முடிக்கிற வரைக்கும்” என்று கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் எல்லையைச் சொல்லுங்கள்.

5. கைக்கு வேலை கொடுங்கள். மிஷெலின் ஆய்வில் நன்றாகப் பொறுத்த பிள்ளைகள் பண்டத்தையே வெறித்துக்கொண்டு இருக்கவில்லை. பாடினார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், கையால் விளையாடினார்கள். சிப்பி பொறுக்கி எண்ணச் சொன்னால் போதும்.

6. “தொடாதே” என்பதோடு நிறுத்தாதீர்கள். கூடையில் பச்சை நண்டு உயிரோடு கிடக்கிறது, பிள்ளைக்குக் கை பரபரக்கிறது. “கையைப் பின்னாடி கட்டிக்கிட்டுக் குனிஞ்சு பாரு” என்றால் செய்வதற்கு ஒன்று கிடைக்கிறது. நண்டின் கொடுக்கைக் கட்டிவைப்பது எப்படியும் உங்கள் வேலை.

7. எல்லோர் தட்டிலும் சோறு விழுந்த பிறகே சாப்பிடும் வழக்கம் இருந்தால் விடாதீர்கள். 2022இல் வெளியான ஓர் ஆய்வில் ஜப்பானியப் பிள்ளைகள் உணவுக்கு நன்றாகக் காத்திருந்தார்கள், பரிசுப் பொட்டலத்துக்கு அவ்வளவாக இல்லை. அமெரிக்கப் பிள்ளைகளிடம் நேர்மாறு. ஜப்பானில் எல்லோரும் சேர்ந்தே உண்ணத் தொடங்குவார்கள். அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் பரிசைப் பிரிக்க நாள் வரும்வரை இருப்பார்கள். எதில் பழக்குகிறோமோ அதில்தான் பொறுமை வரும்.

8. பசித்த பிள்ளையிடமும் தூக்கம் கெட்ட பிள்ளையிடமும் பொறுமையை எதிர்பார்க்காதீர்கள். நடுராத்திரி அப்பா தொழிலுக்குக் கிளம்பும் சத்தத்தில் விழித்த குழந்தை காலையில் சிணுங்கத்தான் செய்யும். முதலில் கஞ்சி.

9. உடனே தின்றுவிடும் பிள்ளைக்குப் பேராசைக்காரன் என்று பேர் வைக்காதீர்கள். மிஷெலின் ஆய்வை 900க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தகவலோடு 2018இல் மறுபடி பார்த்தார்கள். காத்திருந்த பிள்ளைகள் பின்னாளில் படிப்பில் சிறப்பார்கள் என்ற தொடர்பு முந்தைய ஆய்வுகள் சொன்னதைவிட மிகச் சிறியதாக இருந்தது. குடும்பச் சூழலையும் கணக்கில் எடுத்தபோது அது இன்னும் தேய்ந்தது. நம் வீடுகளையே பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் கூலிக்குப் போகிறவர் வீட்டில் அப்போது கைச் செலவுக்கே முடை. நாளைக்கு இருக்குமோ இருக்காதோ என்ற வீட்டில், கையில் கிடைத்ததை இப்போதே தின்பது குழந்தை போட்ட சரியான கணக்கு. அதைத் திட்டித் திருத்த முடியாது. தடைக்காலத்திலும் கொடுக்க முடிகிற ஒன்றை, ஞாயிற்றுக்கிழமைப் பணியாரம் போல, நாள் தவறாமல் கிடைக்கச் செய்யுங்கள்.

10. விளையாட்டுக்குக்கூடத் தின்பண்டத்தைக் காட்டி “தரமாட்டேனே” என்று சீண்டாதீர்கள். வீட்டுக்கு வரும் மாமா, சித்தப்பாவிடமும் சொல்லிவையுங்கள்.

11. ஆசையை அடக்கும் மூளைப் பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. அது முழுதாக முதிர இருபது வயதுக்கு மேல் ஆகும். மூன்று வயதில் இரண்டு நிமிடம் பொறுத்தாலே பெரிது. “சமத்து” என்று பொதுவாகச் சொல்வதைவிட “தங்கச்சி இறங்குற வரைக்கும் ஊஞ்சலைப் பிடிச்சு இழுக்காம நின்னியே” என்று நடந்ததைச் சொல்லிப் பாராட்டுங்கள்.